கணுக்கால் வெள்ளம்

குளித்து முடித்த பிறகும்
தண்ணீருக்குப் போக மனமில்லை.
முதலில் பத்து நிமிடம் நின்றது. பிறகு அரைமணி.
அப்புறம், காலையில் குளித்தால்
மதியம் தபால்காரர் வரும்போதுதான்
தொட்டியின் அடி தெரிந்தது,
சுற்றிலும் சாம்பல் கோடுகளோடு.
தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன?
எங்கள் வெள்ளம் கணுக்காலோடு நின்றது.
அதனால் அளந்துகொண்டே இருந்தோம்.

சனிக்கிழமை பார்க்கிறேன் என்றான் ஆர்விட்.
டுலூத்தில் சனிக்கிழமைகளுக்குப் பஞ்சமில்லை.
ஒன்றில் பனி அள்ளினான்.
ஒன்றில் கார் பேட்டரி மாற்றினான்.
ஒன்றில், சாக்குகள் தீர்ந்துபோய்,
சமையலறைக் கரண்டிகளை உயரப்படி அடுக்கினான்.
முப்பது வருடம் சரக்கு ரயில் எஞ்சின்களைப்
பிரித்துப் பூட்டியவன்
ஒரு குழாய்க்குப் பயப்படுகிறவன் இல்லை.

எனக்குத் தெரியும்.
நவம்பரில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.
மூன்றாம் வாரம், ஷவருக்குக் கீழே,
முடி கையோடு வந்தது.
குனிந்து எடுத்துக் குப்பையில் போட
என்னவோ போலிருந்தது.
கால் கட்டைவிரலால் ஓட்டைப் பக்கம் தள்ளினேன்.
போ என்றேன்.
போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அமிலம் எதுவும் ஊற்றாதீர்கள்,
ஈயக் குழாயைத் தின்றுவிடும் என்றானாம்
இரும்புக்கடையில் கோல்பி என்கிற பையன்.
வீடு எந்த வருடம் என்று கேட்டு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலு என்றதும்
ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு,
"தரையில் எங்கேயாவது
ஒரு பித்தளை மூடி இருக்கும், தேடுங்கள்."

இருந்தது.
லினோலியத்துக்கு அடியில், காபித் தட்டு அளவில்,
யார் யாரோ பூசிய மூன்று பெயிண்டோடு.
பதினேழு வருடம் அதன் மேல் நின்றுதான்
பல் துலக்கியிருக்கிறோம்.

ஆறாவது சனிக்கிழமை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
கம்பளித் தொப்பியும் நானுமாகக்
கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து டார்ச் பிடித்தோம்.
எண்ணெய் விட்டான். சுத்தியலால் தட்டினான்.
ஹேர் டிரையரால் சூடு காட்டினான்
(அதற்கும் வேறு வேலை இல்லை இப்போது).
ஸ்பானரில் உடம்பு முழுவதையும் தொங்கவிட்டான்.
கிரீச்சென்று அசைந்தது.
திறப்பதற்கு முன்னால் நிறுத்தி, திரும்பாமலே,
"நீ கீழே போய்க் காபி போடேன்."
"டார்ச்சை யார் பிடிப்பது?"

நாற்றம் முதலில் வந்தது.
பிறகு கறுப்புக் கூழ், கப் கப்பாக.
மணிக்கட்டு வரை விட்டுத் துழாவியவன்
முகம் மாறினான்.
இழுத்தான், வரவில்லை.
உளியால் நெம்பி, பழைய செய்தித்தாளில் வைத்தான்.

கல்.
முஷ்டியளவு. துடைத்தால் வெளிர்ப்பச்சை.

இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம்.
பதினோரு வருடத்துக்கு முன்
அவனே பதித்த டைல்ஸ்,
இடுக்குகளில் அவனே பூசிய வெளிர்ப்பச்சைச் சாந்து.
"மிச்சச் சாந்தோடு வாளியை எங்கே கழுவினாய், ஆர்விட்?"
அவன் தொட்டியைப் பார்த்தான்.

கல்லின் ஒரு முனையில் என் முடி,
ஒரு சடைக்குக்கூடக் காணாது.
போகிற வழியில் தடுக்கி நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.
ஆறு வாரம் வாய் திறக்காமல்
பழியை இருவரும் என் தலையில் கட்டியிருந்தோம்,
கட்டிவைக்க அங்கே ஒரு முடியும் இல்லாதபோது.

எனக்குத்தான் சிரிப்பு வந்தது முதலில்.
டார்ச் வெளிச்சம் சுவரெல்லாம் குதித்தது.
அவன் மண்டியிட்டபடியே இருந்தான்.
தோள்கள் குலுங்கின.
சிரிக்கிறானா என்று
வெளிச்சத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை நான்.

மூடிக்குப் புது வளையம் போட்டோம்.
தொட்டியை விளிம்புவரை நிரப்பி
அடைப்பானைப் பிடுங்கினேன்.
சுழன்றது, ஏப்பம் விட்டது, போயிற்று.

கல் இப்போது சமையலறை ஜன்னலில்.
செவ்வாய்க்கிழமை எனக்கு மறுபடி ஊசி.
போகிற காரில் ஹீட்டர் என்னவோ முனகுகிறது.
சனிக்கிழமை பார்க்கிறேன் என்கிறான்.